பதினேழாம் மேசையின் மைனா

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் என்னை 'நாமகரண அதிகாரி' என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒருவருக்கும் நேரில் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே மூன்று அறைகள். பார்வையில்லாதவர்கள் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் குரல்களைச் சேர்த்து வைத்து விநியோகிக்கும் கிடங்கு எங்களுடையது. கிடங்கு என்றதும் மூட்டையும் எலியும் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஓர் இரும்பு அலமாரிக்குள் ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்களில் அடக்கம். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைத் தனி பேக்கேஜாகச் செய்து பதினோரு வெளியீட்டாளர்கள் எங்களுக்கு அனுப்புகிறார்கள். பெரிய கம்பெனிகள் இரண்டு, கல்லூரி ஆய்வகங்கள் நான்கைந்து, வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்யும் ஒரு கணவன் மனைவி, இப்படி ஒரு கலவை. நாங்கள் அதைச் சரிபார்த்து, பெயர் வைத்து, கேட்கிற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி வைப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெயர்கள் இருந்த லட்சணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'குரல்'. 'குரல்-புதுசு'. 'கடைசி'. 'இதுதான்-கடைசி'. அந்தக் கணவன் மனைவி, சண்டை போட்ட ஒரு வாரத்தில் ஒரே குரலை ஆளுக்கொரு பெயரில் அனுப்பி வைத்தார்கள். யாருடையது எது, எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். பெயர் என்றால் நான்கு துண்டு: முதலில் வெளியீட்டாளர், அடுத்து மொழி, அடுத்து குரலின் பெயர், கடைசியில் எத்தனையாவது பதிப்பு என்ற எண். யாராக இருந்தாலும் இதேதான். வெளியீட்டாளர் கையெழுத்துப் போடாத பேக்கேஜ் வெளியே போகாது. மூன்று கடிதத்துக்கும் தொண்ணூறு நாளில் பதில் சொல்லாத வெளியீட்டாளரின் பேக்கேஜ்கள் உள்ளறையில் ஒதுக்கி வைக்கப்படும்.

வீட்டிலும் இந்தப் புத்தியைக் காட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுக்களை டப்பாக்களில் வாங்கிய கடை, பொருள், தேதி என்று சீட்டு ஒட்டினேன். "உப்பு எங்க அண்ணின்னு கேட்டா, எந்தக் கடை உப்புன்னு கேக்குறாங்க" என்று என் நாத்தனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் தன் சட்டையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் முன்பு இரண்டு கிடங்குகள் தனித்தனியாக ஓடின. பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று. இந்த வருடம் இரண்டையும் ஒன்றாக்கி, இருநூற்றுப் பன்னிரண்டு பேக்கேஜ்களுக்கும் என் விதிப்படி புதுப் பெயர் வைத்தோம். பழைய பெயரில் கேட்டு வருகிற கம்ப்யூட்டர்களை என்ன செய்வது? ஒவ்வொரு பழைய பெயருக்கும் பக்கத்தில், இனிமேல் இங்கே போ என்று ஒரு வழிகாட்டி வரி போட்டோம். சிக்கல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. 'மைனா' என்ற பெயரில் இரண்டு கிடங்கிலும் தலா ஒரு குரல் இருந்தது. பழைய மைனா ஒரு கல்லூரி ஆய்வகத்தின் பெயரில். புதிய மைனா ஒரு பெரிய கம்பெனியின் பெயரில். வழிகாட்டி வரி ஓர் இடத்துக்குத்தான் கை காட்டும்.

இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பழைய மைனா தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. புதிய மைனா நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கதை சொல்லும் பெண் மாதிரி அவ்வளவு இனிமை. அதன் எண்ணும் பெரியது, பதினொன்று. பழையதின் எண் மூன்று. போதாக்குறைக்கு ஆய்வகத்திலிருந்து என் மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? மைனா என்று கேட்கிற எல்லாருக்கும் இனிமையானதைக் கொடு என்று வரி போட்டேன். முப்பத்தேழு கம்ப்யூட்டர்கள் பழைய மைனாவை வைத்திருந்தன. அவற்றுக்கு நல்லது செய்கிறோம் என்று மனசார நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது.

"மேடம், குரல் கிடங்குங்களா? என் குரலை எடுத்துட்டு வேற ஒண்ணை வச்சிருக்கீங்க. என்னுதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானமே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. புதியது தரமானது, பழகினால் பிடித்துவிடும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"பிடிக்கிறது பிடிக்காததெல்லாம் அப்புறம் மேடம். எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். நாளைக்கு ஒரு நடை வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர் அவர். டெலிபோன்காரர் என்றே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை போனேன். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும் நீளமான கூடம். இருபத்திரண்டு மேசைகள், எல்லா மேசையிலும் யாராவது யாரிடமாவது தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடையது பதினேழாவது மேசை. நாற்பது வயதிருக்கும், நன்றாகத் தேய்த்த சட்டை. இடது காதில் புகார் சொல்கிறவர், வலது காதில் கம்ப்யூட்டர். புகார் சொல்கிறவர் பேசப் பேச, திரையில் இருக்கிற அவருடைய இணைப்பு விவரம், பழைய புகார், பிளம்பர் போன தேதி எல்லாவற்றையும் குரல் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பதில் சொல்வதுதான் அவர் வேலை.

"ஒன்பது வருஷம் உறைப் பிரிவுல இருந்தேன் மேடம்" என்றார். "பில்லை மடிச்சு உறைக்குள்ள போடணும். அவ்வளவுதான். பாவம் பாத்துக் குடுத்த வேலை. எழுதி எழுதிக் கேட்டு இந்த மேசைக்கு ஆறு வாரம் சோதனை முறையில விட்டாங்க. ஒரு போனுக்குச் சராசரி நாலு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. இது ஆறாவது வாரம். தாண்டினா திரும்ப உறைதான்."

"போன வாரம் வரைக்கும்?"

"மூணு நிமிஷம் ஐம்பது செகண்டு. நேத்துலேர்ந்து எட்டு நிமிஷம்."

வலது காதுக் கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். புதிய மைனாவை அவருடைய வேகத்தில் ஓட விட்டார். சாதாரணப் பேச்சைப் போல ஐந்து மடங்கு வேகம். யாரோ வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளிக்கிற சத்தம்தான் கேட்டது. என் இனிமையான பெண்ணைக் காணவில்லை. மூச்சு, குழைவு, ஏற்ற இறக்கம் என்று எதெல்லாம் என்னை மயக்கியதோ அதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கூழாகியிருந்தது.

"பழசு தகர டப்பாதான். ஆனா எவ்வளவு வேகமா ஓட்டினாலும் எழுத்தெழுத்தா தனித்தனியா விழும். எங்க ஆளுங்க யாரும் அழகுக்காகக் குரல் வச்சுக்கிறதில்ல மேடம். நீங்க பேப்பர் படிக்கும்போது எழுத்து அழகா இருக்கான்னா பாப்பீங்க?"

பார்வையில்லாதவர்களுக்காகப் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். குரலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. என் காதைக் கேட்டேன், அதுவும் சாதாரண வேகத்தில். அவமானமாக இருந்தது.

பழையதை அவருக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் விதியே என் காலை வாரிவிட்டது. வாரியத்துக் கம்ப்யூட்டர் எங்கள் கிடங்கிலிருந்து வருவதைத் தவிர எதையும் உள்ளே விடாது. கிடங்கிலிருந்து வெளியே போக நான்கு துண்டுப் பெயர் வேண்டும். முதல் துண்டுக்கு வெளியீட்டாளர் கையெழுத்து வேண்டும். பழைய மைனாவின் வெளியீட்டாளர் அந்த ஆய்வகம். அது மூடி ஏழு வருடமாகிறதாம். என் மூன்று கடிதமும் பூட்டிய கதவுக்குப் போயிருக்கின்றன.

எங்கள் புரோகிராமரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். அவன் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அதனால். அன்று மட்டும் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றான்.

"அக்கா, பழைய மைனாவுக்குள்ள செஞ்சவர் பேரு ஒரு மூலையில இருக்கு, உரிமையும் அவருக்கேன்னு போட்டிருக்கு. ஆய்வகத்துல மாணவனா இருந்தப்ப செஞ்சது போல. அவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா? புது மைனா கம்பெனியிலயே குரல் பிரிவுத் தலைவர்."

ஆக, ஒரே பெயர் தற்செயலாக வந்ததில்லை. ஒரே ஆள் வைத்த பெயர்.

புதன்கிழமை வாரியத்தில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு டெலிபோன்காரரும் என்னுடன் வந்தார். தோளில் அவர் வீட்டுப் பழைய லேப்டாப். அது இன்டர்நெட்டையே பார்த்ததில்லை என்பதால் பழைய மைனா அதில் பிழைத்துக் கிடந்தது. கம்பெனி கட்டடம் பெரியது. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். குரல் பிரிவுத் தலைவரான இன்ஜினியர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பழைய மைனா என்றதும் முகம் சுருங்கியது.

"அதையா? ஐயோ, வேண்டாம் மேடம். ஹாஸ்டல் ரூம்ல உட்காந்து செஞ்சது. அதுல மனுஷக் குரலே கிடையாது, வெறும் கணக்கு. இப்பக் கேட்டாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அந்தப் பேரை எதுக்குப் புதுசுக்கு வச்சேன்? பழசை எல்லாரும் மறக்கட்டும்னுதான். அது கரட்டுப் பிரதி. இதுதான் நல்ல பிரதி."

"கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா போதும் சார்" என்றேன்.

"உங்க விதிப்படி வெளியீட்டாளர் பேரு முன்னால வரணுமில்ல? என் பேரு அதுக்கு முன்னால வர்றதுல எனக்கு இஷ்டமில்ல. கம்பெனி பேரு, சான்ஸே இல்ல."

டெலிபோன்காரர் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தார். "சார், நான் பாத்திராத பக்கம் ஏதாவது ஒண்ணை இதுல போட்டுக் குடுங்க" என்றார். இன்ஜினியர் ஒரு பென்டிரைவில் தன் கம்பெனியின் புதிய விளம்பரப் பக்கத்தைப் போட்டுக் கொடுத்தார். பழைய மைனா ஓடியது. பத்து விநாடி, அறை முழுக்க ஒரு தடதடப்பு. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. செய்தவருக்கும் புரியவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

டெலிபோன்காரர் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தலைப்பு, முதல் பாரா, விலைப்பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகள் வரை. முடிவில், "மூணாவது பாராவுல ஒரே வரி ரெண்டு தடவை வந்திருக்கு சார். பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னால பாத்துக்குங்க" என்றார்.

இன்ஜினியர் தன் திரையில் தேடிப் பார்த்தார். வரி இரண்டு தடவை இருந்தது. தன் கம்ப்யூட்டரில் புதிய மைனாவை அதே வேகத்துக்கு முடுக்கினார். அதே கொப்பளிப்பு. நிறுத்தினார். திரும்பப் போட்டார். கொஞ்சம் குறைத்துப் போட்டார்.

"இவ்வளவு வேகத்துல யார் கேக்கப் போறாங்கன்னு நாங்க சோதிக்கவே இல்ல" என்றார்.

"நாங்கதான் கேப்போம் சார்."

அப்புறமும் அவர் தன் பெயரைப் போட ஒப்பவில்லை. மனசு இளகிவிட்டது, கௌரவம் இளகவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம், சட்டப் பிரிவைக் கேட்கலாம் என்று இழுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குள் டெலிபோன்காரர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் வேண்டாமே சார். எனக்குக் குடுத்துடுங்க."

"என்னது?"

"வெளியீட்டாளர்னா என்ன மேடம் பண்ணணும்?" என்று என் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போடணும். கடிதம் வந்தா தொண்ணூறு நாளுக்குள்ள பதில் போடணும். யாராவது போன் பண்ணிக் குறை சொன்னா எடுத்துப் பேசணும்."

"குறை சொன்னா எடுத்துப் பேசணும், அவ்வளவுதானே?" என்று சிரித்தார். "அதைத்தான் நாள் முழுக்கப் பண்றேன்."

உரிமை மாற்றும் படிவம் என் பையில் இருந்தது. நான் எப்போதும் எல்லாப் படிவமும் கொண்டு போகிறவள். இன்ஜினியர் இரண்டு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார். அடியில் டெலிபோன்காரர் போட்டார். வெளியீட்டாளரின் சுருக்கப் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே உள்ளறையிலிருந்து பழைய மைனா வெளியே வந்தது: மேசை17-தமிழ்-மைனா-3. வழிகாட்டி வரியையும் மாற்றி, முதலில் வாரியத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டாவது வெளியீட்டாளர் என்று பதிவேட்டில் எழுதினேன்.

வியாழக்கிழமை பகலில் அவரே போன் செய்தார்.

"மைனா வந்துடுச்சு மேடம். காலையிலேர்ந்து மூணே முக்கால் நிமிஷத்துல ஓடுது. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தேன். அந்த மூணு நாளு இழுத்துடுச்சு. நாளைக்கும் இதே மாதிரி ஓட்டினாலும் சராசரி நாலு நிமிஷம் அஞ்சு செகண்டு வருது."

"அஞ்சு செகண்டா?"

"அஞ்சே செகண்டு. பிரிவு அதிகாரிகிட்ட சொன்னேன். 'மிஷின் கோளாறுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க, என்ன கோளாறு, யாரால, எத்தனை பேருக்குன்னு எழுத்துல கொண்டா, அந்த மூணு நாளை எடுத்துடறேன்'ங்கிறார். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள."

எங்கள் மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் கிடையாது. பயந்தவர். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. கோளாறு சரி செய்யப்பட்டது. முடிஞ்சுது."

"எத்தனை பேருக்குன்னு கேக்குறாங்க சார்."

"ஒரு சிலருக்குன்னு போடு. இத்தனை வாரத்துல வேற யாராவது புகார் பண்ணாங்களா? இல்லையில்ல?"

உண்மைதான், யாரும் செய்யவில்லை. அப்டேட்டைத் தவணை தவணையாக அனுப்பினோம். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஐந்து வாரத்துக்கு முன்பே போய்விட்டது. அலுவலகங்களுக்குப் போன சனிக்கிழமை. ஐந்து வாரமாக ஒரு போன்கூட இல்லை என்று நானே மேனேஜரிடம் பெருமையடித்திருக்கிறேன். ஆனாலும் கடிதத்தில் ஒரு எண் போடுவதென்றால் அது சரியான எண்ணாக இருக்க வேண்டும். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மீதி முப்பத்தாறு பேரையும் கூப்பிட ஆரம்பித்தேன்.

சிலர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டே மாதக்கணக்கில் ஆகிறது என்றார்கள். சிலர் வேறு குரலுக்கு மாறியிருந்தார்கள். பதினொரு பேர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் மட்டும் மாற்றவா போகிறீர்கள் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். பத்தொன்பதாவதாக எடுத்தது ஓர் அம்மா. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை செய்பவர். குரல் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டே தப்பைப் பிடிப்பாராம்.

"குரலா மாறிடுச்சு?" என்றார். "நான் என் காதுதான் போயிடுச்சுன்னு இருந்தேன்."

"எப்போலேர்ந்தும்மா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் குழறலா கேக்க ஆரம்பிச்சுது. காது டாக்டர்கிட்டகூடப் போனேன். வயசுக்கு நல்லாத்தான் இருக்குன்னார், நான் நம்பலை. கண்ணுதான் இல்ல, காதும் இப்படின்னா என்ன பண்றது? பாதிப் பிழையோட புத்தகத்தைக் குடுக்க மனசு வரலை. போன வாரம் வேலையை விட்டுட்டேன்மா."

நான் சொன்னேன்: "உங்க காதுல ஒரு குறையும் இல்லம்மா. தப்பு என்னுது. நான்தான் மாத்தினேன். பழைய குரலை இப்பவே திரும்ப அனுப்பி வைக்கிறேன்." அவர் சரிம்மா என்று மட்டும் சொன்னார். எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு அவருடைய கம்ப்யூட்டருக்கு முதலில் அனுப்பச் சொல்லிவிட்டு, மீதிப் பதினேழு பேரையும் கூப்பிட்டு முடித்தேன். பட்டியலை மூடிய பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து கடிதத்தை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிரிவு அதிகாரியின் அறையில் இருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

'ஒரே பெயருள்ள இரண்டு குரல்களில் ஒன்றுக்கு மட்டுமே பழைய பெயர் கொண்டு செல்லும் என்று தீர்மானித்தவள் நான். எதைக் கொடுப்பது என்று பயன்படுத்துபவர்களிடம் கேட்காமல் என் காதுக்கு இனிமையானதைத் தேர்ந்தெடுத்தேன். இதனால் பதின்மூன்று பேர் வேலையில் பாதிக்கப்பட்டனர். உங்கள் அலுவலர் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாட்களும் புரியாத குரலை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். இது இயந்திரக் கோளாறு அன்று. பெயரிடும் விதியை வகுத்த என் தவறு.' கீழே என் முழுப் பெயர், பதவி, போன் நம்பர். மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. தடுக்கவும் இல்லை. 'நீயாச்சு, ஆய்வுக் குழுவாச்சு' என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"இந்த மாதிரி யாரும் எழுதித் தர மாட்டாங்களே" என்றார் அதிகாரி. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கால்குலேட்டரை இழுத்து, மூன்று நாளையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். தட்டினார், மறுபடியும் தட்டினார். "மூணு நிமிஷம் ஐம்பது."

டெலிபோன்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கை விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"என்னய்யா நிக்கிற? பதினேழாம் மேசையில போன் அடிக்குது பாரு" என்றார் அதிகாரி.

அவர் கிளம்பிப் போனார். கதவருகில் நின்று என் பக்கம் திரும்பி, "அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்க மேடம். இனிமே அவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அனுப்புகிறேன் என்றேன். ஒருவரை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

வாரியத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். போனை எடுத்தார். பின்னால் பழைய மைனாவின் தடதடப்பு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதாம்மா?" என்றேன்.

"ஒவ்வொரு எழுத்தும் கேக்குது" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "காலையிலேர்ந்து நிறுத்தவே இல்ல. வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

"உங்க பதிப்பகத்துக்கு நான் பேசட்டுமா? என்னாலதான்னு எழுதித் தரேன். இப்பத்தான் ஒருத்தருக்கு எழுதிக் குடுத்துட்டு வரேன்."

"நேத்தே கேட்டுட்டேம்மா. வேற ஆளை எடுத்துட்டாங்களாம். அந்தப் பொண்ணும் பாவம், அதைப் போகச் சொல்லவா முடியும்?"

ஆறு வாரத்திலிருந்து மூன்று நாளை அடித்துவிட ஒரு சிவப்புப் பேனா இருந்தது. இவருக்கு எதை அடிப்பது, யார் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டில் ஆட்கள் என்னைத் தாண்டி ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"இருங்க, லைன்ல இருங்க" என்றார். "இந்தப் பக்கம் முடியப் போகுது. முடிச்சுட்டு வந்துடறேன்."

போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.